சன்னல் துப்புரவு வேனில் எரிவாயு நீர்சூடாக்கி

சன்னல் துப்புரவு வேனில் எரிவாயு நீர்சூடாக்கி என்பது, கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளைக் கழுவும் தொழிலாளர்கள் தமது வேனில் எடுத்துச் செல்லும் தூய நீரை, வேலை நடக்கும் இடத்திலேயே சூடாக்கிக் கொள்வதற்காகப் பொருத்தும் கருவி ஆகும். இது பெரும்பாலும் புரொப்பேன் எரிவாயுவில் இயங்குகின்றது. குளிர்காலத்திலும் சன்னல் கழுவும் வேலை நிற்காமல் நடைபெறும் ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய அமைப்புகளைக் காணலாம். கருவி வீட்டுக் குளியலறையில் இருப்பதைப் போன்றதே. ஆனால் வேன் என்பது நான்கு புறமும் மூடிய ஓர் உலோகப் பெட்டி. அதற்குள் எரிவாயு சிலிண்டர், தீச்சுடர், மின்கலம், சில நூறு லீட்டர் நீர் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் இருக்கின்றன. இதனால் வீட்டில் சிறிய குறையாக இருக்கக்கூடியது வேனில் உயிரிழப்புக்குக் காரணமாகலாம்.

பின்னணி

சன்னல் கழுவும் தொழில் நெடுங்காலம் ஏணி, வாளி, துணி ஆகியவற்றை நம்பியே இருந்தது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய எட்டோரே இசுட்டெக்கோனே 1936 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற, பித்தளைப் பிடியும் இரப்பர் விளிம்பும் கொண்ட நீர்வழிப்பான் இத்தொழிலின் அடையாளமாகவே மாறியது. அதனைப் பயன்படுத்தவும் உயரத்திலுள்ள சன்னல்களுக்கு ஏணியில் ஏறியாக வேண்டும்.

பின்னர் வந்த நீரூட்டுக் கோல் முறை இந்நிலையை மாற்றியது. இதில் தொழிலாளி தரையிலேயே நின்று, கண்ணாடியிழை அல்லது கார்பன் இழையாலான நீள்கோலின் முனையிலுள்ள தூரிகையால் கண்ணாடியைத் தேய்க்கின்றார். வேனிலுள்ள தொட்டியிலிருந்து 12 வோல்ட் மின்னேற்றி (பம்பு) அனுப்பும் நீர், நீண்ட குழாய் வழியாகக் கோலின் உச்சிக்குச் சென்று தூரிகையில் பீச்சுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் 2005 ஏப்ரல் 6 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உயரத்தில் பணிசெய்தல் ஒழுங்குவிதிகள் இம்முறை விரைவாகப் பரவக் காரணமாயின. இவ்விதிகள் ஏணியைத் தடை செய்துவிட்டன என்று பலர் கருதுவதுண்டு, அது சரியன்று. உயரத்தில் ஏறாமல் வேலையை முடிக்க வழியிருந்தால் அதனையே பின்பற்ற வேண்டும் என்பதே அவற்றின் சாரம். கோல் அத்தகைய ஒரு வழி.

இம்முறையில் கண்ணாடி துடைக்கப்படுவதில்லை. தானாகவே உலர விடப்படுகின்றது. சாதாரணக் குழாய்நீர் உலர்ந்தால் அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெண்புள்ளிகளாகப் படியும். சுண்ணப் பாறைகளின் ஊடாக நீர் வரும் தென்கிழக்கு இங்கிலாந்தில் இச்சிக்கல் மிகுதி. ஸ்காட்லாந்தின் மென்னீரில் குறைவு. எனவே நீர் முதலில் எதிர்ச் சவ்வூடு பரவல் கருவியாலும், பின்னர் அயனிப் பரிமாற்றப் பிசினாலும் தூய்மையாக்கப்படுகின்றது. கரைந்த திண்மங்களின் அளவு ஏறத்தாழச் சுழியமாகும் வரை இது செய்யப்படும். இவ்வாறு அரிதில் பெறப்பட்ட நீரே சூடாக்கப்படுகின்றது என்பதைப் பின்வரும் பகுதிகளைப் படிக்கும்போது நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சுடுநீர் எதற்கு?

தூய நீர் குளிர்ந்த நிலையிலும் கண்ணாடியைக் கழுவும். பிரித்தானியத் தொழிலாளர்களில் பலர் சூடாக்கி இல்லாமலேயே ஆண்டு முழுவதும் பணிபுரிகின்றனர். ஆயினும் பறவை எச்சம், சிலந்தி எச்சம், சமையற்கூடப் புகைப்போக்கி அருகே படியும் எண்ணெய்ப் பிசுக்கு போன்றவை வெந்நீரில் விரைவாக இளகும். கண்ணாடி சற்று விரைவாக உலரும். கையுறை அணிந்தும் விறைத்துப்போகும் விரல்களுக்குக் குழாய் வெதுவெதுப்பாக இருப்பதே பெரும் உதவி.

இவற்றையெல்லாம்விடக் குறிப்பிடத்தக்க பயன் குழாயைச் சார்ந்தது. 100 மீட்டர் நீளமுள்ள நெகிழிக் குழாய் உறைகுளிரில் கம்பிபோல் விறைத்துவிடும். சுருளிலிருந்து இழுப்பதும் மூலை திருப்புவதும் கடினமாகும். கோலின் இணைப்புகளில் நிற்கும் சிறிதளவு நீர் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. இளஞ்சூடான நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை இவை நிகழ்வதில்லை. மறுபுறம், சுடுநீரானாலும் நடைபாதையில் விழுந்தபின் அது குளிர்ந்து பனிக்கட்டியாகும். வழுக்கி விழும் இடரைச் சூடாக்கி எவ்வகையிலும் குறைப்பதில்லை. உறைநிலைக்குக் கீழான நாட்களில் வேலையைத் தள்ளிவைப்பதே உரியது.

எவ்வளவு வெப்பம் தேவை?

ஒரு லீட்டர் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோயூல் ஆற்றல் வேண்டும். ஒரு கோல் நிமிடத்துக்கு 1 முதல் 2 லீட்டர் நீரைப் பயன்படுத்தும். குளிர்காலத்தில் தொட்டிநீர் 5 பாகையில் இருப்பதாகவும், அது 40 பாகைக்கு உயர வேண்டும் எனவும் கொண்டால், நிமிடத்துக்கு 2 லீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான வலு ஏறத்தாழ 4.9 கிலோவாட் ஆகும்.

ஒரு கிலோகிராம் புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 50 மெகாயூல், அதாவது 14 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் வெளிப்படும். கருவி அதில் 80 விழுக்காட்டை நீருக்குக் கொடுக்கின்றது எனக் கொண்டால், நீர் இடைவிடாது ஓடும் ஒரு மணி நேரத்துக்கு 0.44 கிலோகிராம் எரிவாயு செலவாகும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நீர் ஓடுமாயின் 13 கிலோகிராம் சிலிண்டர் ஏறத்தாழ ஏழு வேலை நாட்களுக்கு வரும்.

சூடாக்கியிலிருந்து வெளியேறும் வெப்பநிலையும் தூரிகையில் கிடைக்கும் வெப்பநிலையும் ஒன்றல்ல. 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 100 மீட்டர் குழாய்க்குள் 2.8 லீட்டர் நீரும், 8 மில்லிமீட்டர் குழாய்க்குள் 5 லீட்டர் நீரும் அடங்கும். ஆகவே நிமிடத்துக்கு 2 லீட்டர் ஓடும் நீர் ஒன்றரை முதல் இரண்டரை நிமிடம் வரை குளிர்ந்த தரையில் கிடக்கும் குழாயினுள் பயணம் செய்கின்றது. ஈரமான புல்வெளியில் குழாய் கிடந்தால் இழப்பு இன்னும் கூடும்.

கருவியின் செயற்பாடு

எரிவாயு நீர்சூடாக்கியை முதன்முதலில் உருவாக்கியவராக இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் குறிப்பிடப்படுகின்றார். 1868 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தமது கருவிக்கு, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை ஒட்டி அவர் "கீசர்" எனப் பெயரிட்டார். தமிழ்நாட்டு வீடுகளில் குளியலறைச் சூடாக்கியைக் குறிக்க இன்றும் வழங்கும் "கீசர்" என்னும் சொல் இதன் வழிவந்ததே. மாகனின் கருவியில் புகையை வெளியேற்றும் குழாய் இல்லை; எரிந்த வாயு அறைக்குள்ளேயே கலந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும், வேனில் பொருத்தப்படும் சில கருவிகளின் முதன்மையான குறை அதுவாகவே இருப்பது கவனத்துக்குரியது.

வேன்களில் பயன்படுவது தொட்டியில்லாத உடனடி வகை ஆகும். நீர் நுழையும் இடத்தில் ஓட்டத்தை உணரும் அமைப்பு உள்ளது. போதிய நீர் ஓடும்போது அது எரிவாயு அடைப்பிதழைத் திறக்க, மின்பொறி தீயை மூட்டுகின்றது. சுடருக்கு மேலுள்ள, தகடுகள் பதித்த செப்புக் குழாய்ச் சுருளின் ஊடாக நீர் சென்று சூடாகின்றது. நீர் நின்றால் தீயும் அணையும். சுடர் தவறுதலாக அணைந்துவிட்டால் எரிவாயுவைத் தடுக்கும் காப்பமைப்பும் இருக்கும்.

இக்கருவிகள் குளியலுக்காக வடிவமைக்கப்பட்டவை. சன்னல் கழுவுவதற்காக அல்ல. பல சிறு கருவிகள் நிமிடத்துக்கு 2 அல்லது 2.5 லீட்டர் நீர் ஓடினால் மட்டுமே தீ மூட்டும். கோலின் ஓட்டமோ அந்த எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கின்றது. அதனால் தீ மூளாமற் போவதும், மூண்டு அணைவதும் வழமையான முறைப்பாடுகள். இன்னொரு சிக்கல் இதற்கு நேர்மாறானது. 10 கிலோவாட் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும் கருவியில் நிமிடத்துக்கு 2 லீட்டர் மட்டும் ஓடினால் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 72 பாகை உயரும்; 5 பாகையில் நுழைந்த நீர் 77 பாகையில் வெளியேறும். தொழிலாளி ஒரு சன்னலிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது நீரை நிறுத்துவார். அப்போது சுருளில் தங்கிய சிறிதளவு நீர், உலோகத்தில் எஞ்சிய வெப்பத்தால் மேலும் சூடேறி, மீண்டும் திறக்கும்போது கொதிநீராக வெளிவரும்.

இவற்றைத் தீர்க்கச் சுடரின் அளவைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் கருவியைத் தெரிவு செய்யலாம். வெந்நீருடன் தண்ணீரைக் கலந்து வெப்பநிலையை மட்டுப்படுத்தும் கலப்படைப்பிதழைச் சேர்ப்பது மற்றொரு வழி. மின்னேற்றி கூடுதலான நீரைச் சூடாக்கி வழியே அனுப்ப, கோலுக்கு வேண்டியது போக மிகுதி தொட்டிக்கே திரும்பிவரும்படி சுற்றுக்குழாய் அமைப்பதும் உண்டு. இதில் தீ நிலையாக எரியும். தொட்டிநீரும் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். எளிமையும் நம்பகத்தன்மையும் கருதினால் மூன்றாவது முறையே மேலானது. ஆயினும் தொட்டிநீர் அளவுக்கு மீறிச் சூடாவதைத் தடுக்கும் வெப்பநிலை நிறுத்தி ஒன்று கட்டாயம் தேவை.

தூய நீரினால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. உப்புகள் இல்லாததால் சுருளின் உட்புறத்தில் சுண்ணப் படிவு உண்டாவதில்லை. ஆனால் கனிமங்கள் நீக்கப்பட்ட நீர் உலோகத்தை அரிக்கும் இயல்புடையது. செம்பை நாளடைவில் சிறிது சிறிதாகக் கரைக்கும். அயனிப் பரிமாற்றப் பிசினும் வெப்பத்தைத் தாங்காதது. ஆகவே சூடாக்கியை எப்போதும் பிசின் கலத்துக்கு அடுத்தே இணைக்க வேண்டும், முன்னால் அன்று.

பொருத்தும் முறை

நடைமுறையில் இருவகை அமைப்புகள் காணப்படுகின்றன. முதலாவது, முகாம்களில் குளிப்பதற்காக விற்கப்படும் கையடக்கக் கருவியை வேனின் பின்கதவில் மாட்டுவது. இது மலிவானது. ஆனால் இக்கருவிகளுக்குப் புகைக்குழாய் இல்லை; திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்களே குறிப்பிடுகின்றனர். கதவைத் திறந்து கருவியை வெளிப்புறமாகத் தள்ளி நிறுத்தி இயக்குவதும், மழை பெய்கின்றது என்று கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு இயக்குவதும் ஒன்றல்ல. காற்று உள்நோக்கி வீசும் நாளில் திறந்த கதவுகூடப் போதாமற் போகலாம்.

இரண்டாவது, அடைத்த எரியறை கொண்ட கருவியை வேனுக்குள் நிலையாகப் பொருத்துவது. இதில் எரிதலுக்கான காற்று வெளியிலிருந்தே உள்ளிழுக்கப்படுகின்றது. எரிந்த வாயு வேனின் சுவர் அல்லது கூரையூடாகச் செல்லும் குழாயால் வெளியே விடப்படுகின்றது. வேனின் உட்காற்றோடு சுடருக்குத் தொடர்பே இல்லை. விலையும் வேலையும் கூடுதல். உடலில் துளையிட வேண்டும். ஆயினும் வேனுக்குள் எரிவாயுச் சுடர் வேண்டுமென்றால் ஏற்கத்தக்க அமைப்பு இது ஒன்றே எனலாம்.

எரிவாயுவாகப் பியூட்டேன் பொருந்தாது. அதன் கொதிநிலை 0 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், சூடாக்கி தேவைப்படும் குளிர் நாட்களிலேயே அது சிலிண்டரினுள் நீர்மமாகத் தங்கிவிடும். புரொப்பேன் கழித்தல் 42 பாகையிலேயே கொதிப்பதால் இத்தொல்லை இல்லை. பிரித்தானியாவில் பரவலாகக் கிடைக்கும் கேலர் நிறுவனத்தின் சிலிண்டர்களில் புரொப்பேன் சிவப்பு நிறத்திலும் பியூட்டேன் நீல நிறத்திலும் இருக்கும். புரொப்பேன் சிலிண்டரின் இணைப்பு மரை இடப்புறமாகத் திருகுவது என்பது முதன்முறை மாற்றுபவர்களைத் திகைக்கவைக்கும். மிகச் சிறிய சிலிண்டரிலிருந்து பெருமளவு வாயுவை விரைவாக எடுத்தால், நீர்மம் ஆவியாகும்போது சிலிண்டரே குளிர்ந்து வெளிப்புறத்தில் பனி படியும், அழுத்தமும் குறையும்.

சிலிண்டரை நிமிர்ந்த நிலையில், வண்டி திடீரென நின்றாலும் அசையாதவாறு பட்டையால் கட்ட வேண்டும். மகிழ்வுந்து வீடுகளில் பின்பற்றப்படுவது போன்று, உட்பகுதியிலிருந்து அடைக்கப்பட்டு, அடியில் வெளிப்புறம் நோக்கித் துளையுள்ள தனிப்பெட்டியில் வைப்பது சிறந்தது. கசியும் வாயு அத்துளை வழியாகச் சாலைக்கு இறங்கிவிடும். அழுத்தச் சீராக்கி, எரிவாயுவுக்கென்றே செய்யப்பட்ட குழாய், கைக்கெட்டும் இடத்தில் ஒரு நிறுத்தடைப்பிதழ் ஆகியவை இதனைத் தொடர்ந்து வரும். இரப்பர்க் குழாயில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இணைப்புகளைச் சவர்க்கார நீரால் சோதிக்கலாம்; தீக்குச்சியால் சோதிப்பவர்களைப் பற்றி இங்கு எழுதத் தேவையில்லை.

இரவில் உறைபனி எதிர்பார்க்கப்பட்டால் சூடாக்கியின் சுருளிலுள்ள நீரை வடித்துவிட வேண்டும். உறையும் நீர் விரிவடைந்து மென்மையான செப்புக் குழாயைப் பிளந்துவிடும். குளிர்காலத்துக்கென வாங்கிய கருவி அதன் முதற் குளிர்காலத்திலேயே பழுதாவதற்கு இது போதும்.

இடர்கள்

கார்பன் மோனாக்சைடு: புரொப்பேனின் ஒரு கன அளவு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 கன அளவு காற்று வேண்டும். முன்னர்க் கணக்கிட்ட 0.44 கிலோகிராம் வாயு ஒரு மணி நேரத்தில் ஐந்தரை கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றைக் கேட்கும். நடுத்தர வேனின் சுமைப் பகுதியின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 6 கன மீட்டர். அதிலும் நீர்த்தொட்டி ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றது. புகைக்குழாய் இல்லாத கருவி மூடிய வேனுக்குள் எரிந்தால், அந்த ஒரு மணி நேரம் முடிவதற்கு நெடுமுன்னரே ஆக்சிசன் குறைந்து எரிதல் முழுமையற்றதாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான ஈர்ப்புடன் இணைகின்றது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகிய முதல் அறிகுறிகளைக் குளிரில் உழைத்த களைப்பாகவோ தடிமனாகவோ தொழிலாளி எண்ணிக்கொள்ளக்கூடும். குழாயைச் சுருட்டவும், தொட்டியைப் பார்க்கவும், மழைக்கு ஒதுங்கவும் அவர் வேனுக்குள்ளேயே நுழைகின்றார் என்பதையும் நோக்க வேண்டும். இந்தியாவில் காற்றோட்டமற்ற குளியலறைகளில் எரிவாயு கீசரால் நேரும் இறப்புகளின் காரணமும் இதுவே.

பொழுதுபோக்கு ஊர்திகளுக்கும் படகுகளுக்குமான ஐரோப்பியத் தரமான இஎன் 50291-2 இற்கு அமைந்த கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானை வேனில் பொருத்தலாம். அது புகைக்குழாய்க்கு மாற்று ஆகாது.

கசிவும் வெடிப்பும்: புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாமல் வேனின் தரையில், மரப்பலகைக்கு அடியில், தொட்டியைச் சுற்றிய பள்ளங்களில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடிய கலவையாகும். 6 கன மீட்டர் இடம் முழுவதும் இக்கலவையால் நிரம்பக் கால் கிலோகிராம் புரொப்பேன் போதுமானது. வாயு அடியில் தேங்குவதால் உண்மையில் அதனினும் குறைந்த அளவே ஆபத்தாகும். 13 கிலோகிராம் சிலிண்டரில் இதைப்போல் ஐம்பது மடங்கு வாயு உள்ளது.

தீப்பொறிக்கு அங்கே குறைவில்லை. மின்னேற்றி, அதன் கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலத்துக்கு மின்னேற்றும் உணர்த்தி (ரிலே) ஆகியவை எல்லாம் தரையை ஒட்டியே பொருத்தப்படுகின்றன. ஈய அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது ஐதரசனையும் வெளிவிடும். எனவே சிலிண்டரையும் மின் அமைப்பையும் ஒரே அறையில் வைத்தல் கூடாது. கசிவை முகர்ந்தறிவதற்காக எரிவாயுவில் எத்தேன்தயோல் போன்ற நாற்றப்பொருள் சேர்க்கப்படுகின்றது. காலையில் வேனின் கதவைத் திறந்தவுடன் அந்த நாற்றம் வந்தால், விளக்கையோ பொத்தானையோ தொடாமல் எல்லாக் கதவுகளையும் திறந்து விலகி நிற்க வேண்டும். வண்டி ஓடும்போதும் இரவிலும் சிலிண்டரின் அடைப்பிதழை மூடிவைப்பது இவ்விடரை வெகுவாகக் குறைக்கும்.

கண்ணாடி: சாதாரண மிதவைக் கண்ணாடி, அதன் பகுதிகளுக்கிடையே ஏறத்தாழ 40 பாகை வேறுபாடு ஏற்பட்டால் வெடிக்கக்கூடும், வலிதாக்கப்பட்ட கண்ணாடி 200 பாகை வரை தாங்கும். உறைபனி பூத்த பழைய கண்ணாடியில் மிகச் சூடான நீரைப் பீச்சுதல் ஆகாது. கார்பன் இழைக் கோலின் பசைகளும் குழாயிணைப்புகளும்கூட மிகுந்த வெப்பத்தில் தளர்கின்றன.

சட்டமும் தரங்களும்

ஐக்கிய இராச்சியத்தில் தொழில் நிமித்தம் இயங்கும் எந்த அமைப்புக்கும் 1974 ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தனியாளாகத் தொழில் செய்பவரும் பொதுமக்களுக்கு இடர் விளைவிக்காதிருக்கக் கடமைப்பட்டவர். எரிவாயுப் பணியாளர்களுக்கான பதிவேடாகப் பெரிய பிரித்தானியாவில் 2009 ஏப்ரல் 1 வரை கோர்ஜி இருந்தது. அன்று முதல் கேஸ் சேஃப் பதிவேடு அதனிடத்தைப் பெற்றது. பதிவு பெற்ற எல்லோரும் எல்லா வேலைக்கும் தகுதியானவர்கள் அல்லர். நீர்ம எரிவாயுவுக்குத் தனித் தகுதி உண்டு. அட்டையின் பின்புறத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். ஊர்திகளில் நீர்ம எரிவாயு அமைப்புகளைப் பொருத்துவதற்கான பிஎஸ் இஎன் 1949 என்னும் தரம் தங்குமிட ஊர்திகளுக்காக எழுதப்பட்டதாயினும், சிலிண்டர் பெட்டி, காற்றோட்டம், குழாய் ஆகியவற்றுக்கு அது நல்ல வழிகாட்டி.

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை அறிவிக்காமல் விடுவது, விபத்தின்போது இழப்பீட்டையே இல்லாமலாக்கலாம். எடையும் கணக்கில் வரும். 400 லீட்டர் நீர் 400 கிலோகிராம். அதனுடன் தொட்டி, சுருள், சூடாக்கி, சிலிண்டர் சேர்ந்தால் சிறிய வேன்கள் தமக்கு அனுமதிக்கப்பட்ட சுமையை எளிதில் கடந்துவிடும்.

மாற்று முறைகள்

டீசல் சூடாக்கி எரிவாயுவுக்கு முதன்மையான போட்டியாக உள்ளது. வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் ஆகிய செருமானிய நிறுவனங்கள் ஊர்தி இயந்திரங்களை முன்கூட்டியே சூடாக்கச் செய்யும் கருவிகளே இதற்குப் பயன்படுகின்றன. சூடான குளிர்விப்பு நீர்மம் ஒரு தட்டு வெப்பமாற்றியின் ஒருபுறமும் தூய நீர் மறுபுறமும் ஓடும். தொடக்கம் முதலே ஊர்திக்கென வடிவமைக்கப்பட்டதால் புகைக்குழாய் வண்டிக்கு வெளியே செல்கின்றது. தனிச் சிலிண்டரும் வேண்டியதில்லை. விலை கூடுதலாக இருப்பதும், அவ்வப்போது கரியைத் துப்புரவு செய்ய வேண்டியிருப்பதும் குறைகள்.

மற்றொரு வழி, இரவில் வீட்டு மின்சாரத்தால் தொட்டிநீர் முழுவதையும் சூடாக்குவது. 400 லீட்டரை 5 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 16 கிலோவாட் மணி மின்சாரம் தேவை. 3 கிலோவாட் அமிழ்சூடாக்கி இதனை ஐந்தரை மணி நேரத்தில் செய்யும். தொட்டிக்கு நல்ல வெப்பக்காப்பு வேண்டும். வேலை முடியும் மாலை வேளையில் நீர் ஓரளவு ஆறியிருக்கும். நீர் வற்றியபின் சூடாக்கி இயங்காதிருக்க நிறுத்தியும் வேண்டும். தன் வாசலிலேயே வண்டியை நிறுத்தக்கூடிய ஒருவருக்கு, வேனுக்குள் சுடரோ எரிவாயுவோ இல்லாத இம்முறை பெரும்பாலும் போதுமானது. அடுக்குமாடியில் குடியிருந்து தெருவில் வண்டி நிறுத்துபவருக்கு அவ்வசதி இல்லை. டீசல் கருவியின் விலையும் எட்டாதபோதே பின்கதவில் மாட்டும் எரிவாயுக் கருவி அவரது தெரிவாகின்றது.